எழுந்து நிற்க முடியாத வாத்து: டாக்டரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களிடம் 3 வாத்துகள் இருக்கின்றன. அதில் பொம்மி என்கிற பெட்டைக்கு இரண்டரை வயது. நாலு நாளைக்கு முன்னால் இடது காலைச் சரியாக ஊன்றாமல் நொண்ட ஆரம்பித்தாள். முந்தாநாள் முதல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. தீவனத்தைப் பார்க்கிறாள், ஆனால் சாப்பிடுவதில்லை. எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போகிறது. குரலும் கம்மிவிட்டது. ஒரு வாரமாக முட்டை இடவில்லை. போன மாதம் தோட்டத்துக் கம்பிவேலியை மாற்றினோம், அதுவரை மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மற்றவற்றுக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து பொம்மியைக் குளியலறையில் தனியாக வைத்திருக்கிறோம். தெம்பு வரட்டும் என்று டப்பில் நீந்தவிட்டபோது நடுங்கினாள். சிரிஞ்சால் வாயில் தண்ணீர் ஊற்றினால் இருமுகிறாள். அப்பாவின் மூட்டுவலி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா? பறவைகளைப் பார்க்கும் டாக்டரிடம் இரண்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன செய்வது? பிழைத்துக்கொள்வாளா?

பதில்:

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். கால் பங்கு, அரைக்கால் பங்கு எதுவும் வேண்டாம். மனிதர்களின் வலி மாத்திரை பறவையின் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சி பாறுக் கழுகுகள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் (மனிதர்களுக்கும் தரப்படும் வலி மருந்துதான்), செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றின் உடலுக்குள் போய், சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது. 2004இல்தான் காரணம் தெரியவந்தது. வாத்தும் கழுகும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் தண்ணீர்கூடச் சரியாக உள்ளே போகாத ஒரு வாத்தின் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். வாத்துக்கான வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து, அளவு கணக்கிட்டு மருத்துவர் தருவார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக்கும் அப்படித்தான், தொடாதீர்கள்.

அடுத்து, இந்த இரண்டு நாளில் உங்கள் வேலை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோயைக் குணப்படுத்துவது உங்கள் வேலை இல்லை. பொம்மியின் உடல் மேலும் தளராமல் தாங்கிப் பிடிப்பதும், கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வைப்பதும்தான் உங்கள் வேலை. இதைச் சின்ன வேலையாக நினைக்க வேண்டாம். வாத்து, மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பறவை. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பதால் முடிந்தவரை மறைத்துக்கொண்டே இருக்கும். நாலு நாளாக நொண்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அதற்கும் முன்பே தொடங்கியிருக்கும். சேமிப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே சூடு, தண்ணீர், உணவு மூன்றும் இந்த வரிசையில் அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

சூட்டை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாத்தின் இயல்பான உடல் வெப்பமே 41, 42 டிகிரி செல்சியஸ். சாப்பிடாத உடம்பு அந்தச் சூட்டைத் தக்கவைக்கவே இருக்கும் சக்தியைச் செலவழித்துவிடும். குளியலறைத் தரை குளிர்ச்சியானது, வழுக்கவும் செய்யும். பலவீனமான வாத்து எழ முயன்று வழுக்கினால் நல்ல காலும் பிசகிவிடும். இன்றைக்கே அவளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். காற்று நேராக அடிக்காத, சந்தடி இல்லாத ஒரு மூலையில் பெரிய அட்டைப்பெட்டியோ கூடையோ போதும். அடியில் பழைய துண்டுகளை இரண்டு மூன்று மடிப்பாக விரியுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கட்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அந்தப் பக்கம் வைக்கலாம். மறுபக்கம் சாதாரணமாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் அவள் தலையையாவது அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். விளக்கு வைப்பதானால் துணிக்கும் அட்டைக்கும் தூரமாக, விழாதபடி கட்டுங்கள், தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று: சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை மனிதர்களுக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

டப்பில் ஏன் நடுங்கினாள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் தடவிக் கோதிக்கொள்வதால்தான் வாத்தின் உடம்பு நனைவதில்லை. நோயுற்ற வாத்து கோதுவதை நிறுத்திவிடும். அப்புறம் தண்ணீர் நேராகத் தோலுக்குப் போய்விடும். தெம்பில்லாத வாத்து மூழ்கவும் கூடும், வாத்துதானே என்று விட்டுவிட முடியாது. அவள் சாப்பிட ஆரம்பித்து, தானாகக் கோதிக்கொள்ளும்வரை நீச்சல் வேண்டாம்.

தண்ணீர் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இருமல்தான். வாத்தின் மூச்சுக்குழல் வாசல் நாக்கு முடியும் இடத்திலேயே, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. நமக்கிருப்பது போல அதற்கு மேல் மூடி கிடையாது. சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சினால் தண்ணீர் நேராக அதற்குள் போய்விடலாம். நுரையீரலுக்குள் போன தண்ணீர், இப்போது இருக்கும் நோயைவிடச் சீக்கிரமாக அவளைக் கொன்றுவிடும். அதனால் ஊற்றாதீர்கள், குடிக்க வையுங்கள். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, அலகின் நுனி மட்டும் நனையும்படி ஒரு ஆழமான கிண்ணத்தை முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். பல வாத்துகள் அலகில் ஈரம் பட்டதுமே குடிக்கத் தொடங்கும். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில், வெளிப்பக்கமாக, ஒரு சொட்டு வையுங்கள். அவள் அலகை அசைத்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. நேரம் பிடிக்கும், பரவாயில்லை. தலையைத் தூக்க முடியாத, விழுங்கத் தெரியாத நிலையில் இருந்தால் சொட்டுகூட வேண்டாம். அது மருத்துவர் குழாய் மூலமாகவோ ஊசி மூலமாகவோ திரவம் ஏற்ற வேண்டிய நிலை.

வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். பறவைகளுக்கான எலக்ட்ரோலைட் தூள் கிடைத்தால், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கலந்து இன்னொரு கிண்ணத்தில் வைக்கலாம். கிண்ணம் மூக்குத் துளைகள் முங்கும் ஆழத்துக்கு இருப்பது நல்லது. கண்ணையும் மூக்கையும் வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஆழமான கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஆழம் குறைந்ததை வையுங்கள். தலை சாய்ந்து தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிடக் கூடாது.

உணவுக்கு வருவோம். அவள் தீவனத்தைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். பசி இருக்கிறது, எட்டவில்லை, அல்லது வலி விடவில்லை. வழக்கமான தீவனத்தையே வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறிய பிறகு அலகின் உயரத்துக்கு, அவள் கழுத்தை நீட்டத் தேவையில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரில் போட்ட பச்சைப் பட்டாணியும் பொடியாக நறுக்கிய கீரையும் அடம்பிடிக்கும் வாத்துகளைக்கூடக் கொத்த வைக்கும். ரொட்டி வேண்டாம், வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. கூழைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு விஷயத்தில் வாத்துகள் மிகவும் மென்மையானவை. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சினால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது வாத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே செத்தன. பிறகு அந்த நஞ்சைக் கண்டறியும் சோதனைக்கே வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தும் அளவுக்கு அவை அதற்கு எளிதில் பாதிக்கப்படுபவை. உங்கள் தீவன மூட்டையை ஒரு முறை மோந்து பாருங்கள். ஈர வாடையோ கட்டிகளோ இருந்தால் மூன்று வாத்துகளுக்கும் புது மூட்டை.

பச்சை எச்சத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அது ஒரு நோயின் பெயரைச் சொல்வதில்லை. பெரும்பாலும், குடலில் உணவு இல்லை, பித்தநீர் மட்டும் இறங்குகிறது என்றுதான் சொல்கிறது. ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் நிறம் மாற வேண்டும். மாறவில்லை என்றால், அல்லது ரத்தமோ தார் போன்ற கருப்போ தெரிந்தால், மருத்துவருக்கு அது முக்கியமான தகவல்.

சரி, இப்போது கால். பொம்மியை எப்படித் தூக்குகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். காலையோ கழுத்தையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கவே கூடாது. இரு இறக்கைகளும் மடங்கியிருக்க உடம்போடு அணைத்து, ஒரு கையால் கால்களை அடியில் தாங்குங்கள். நெஞ்சை இறுக்கவும் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்.

மடியில் துண்டு விரித்து உட்காரவைத்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் அடியையும் பாருங்கள். பாதத்தின் நடுத் திண்டில் கருப்பாக ஒரு பொருக்கு, சுற்றி வீக்கம், தொட்டால் சூடு இருந்தால் அது பாதச் சீழ்க்கட்டி. சொரசொரப்பான கெட்டித் தரையாலும் கம்பி வலையாலும் ஏற்படும் சின்னக் கீறல் வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய் வருவது. அப்படி இருந்தால் எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் பாதம் மட்டும் 10 நிமிடம் ஊறட்டும். அந்தத் தண்ணீரை அவள் குடிக்கக் கூடாது, பேதியாகும். பிறகு நன்றாக ஒற்றித் துடைத்து, போவிடோன் அயோடினை லேசான தேநீர் நிறத்துக்கு நீர்த்து அதால் துடைத்து, ஒட்டாத பஞ்சுத் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள். பொருக்கைப் பிய்க்கவோ பிளேடால் கீறவோ வேண்டாம். உள்ளே இருக்கும் சீழ் பறவைகளில் திரவமாக வராது, கெட்டியாக ஆழமாக இறங்கியிருக்கும். பக்கத்திலேயே ரத்த நாளங்களும் தசைநாண்களும் இருக்கின்றன.

பாதம் சுத்தமாக இருந்தால் மேலே போங்கள். கணுக்கால் மூட்டையும் முழங்காலையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். கடைசியாக, ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் உங்கள் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளுங்கள், அவள் திருப்பித் தள்ளுகிறாளா? இடது மட்டும் தள்ளவில்லை என்றால் அந்தக் காலில், மூட்டில், அல்லது அதற்குப் போகும் நரம்பில் பிரச்சினை. இரண்டுமே தள்ளவில்லை என்றால் கதை வேறு.

அந்த வேறு கதையைத்தான் உங்கள் வேலி எனக்கு நினைவூட்டியது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கேதான் நின்றுவிட்டேன். கம்பிவேலிக்குப் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும். வெட்டும்போது சிதறும் சின்னத் துண்டுகள், ஆணி, திருகு, வளையம் எல்லாம் மண்ணில் பளபளக்கும். வாத்துக்குப் பளபளப்பாகத் தெரிவதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. விழுங்கிய துண்டு கல் போன்ற இரைப்பையில் தங்கி, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். சாப்பாடு குறைவது, கால் தளர்வது, எடை இறங்குவது, எச்சம் பச்சையாவது எல்லாம் துத்தநாக நஞ்சிலும் ஈய நஞ்சிலும் வருபவை. பொம்மிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலில் ஆரம்பித்த நொண்டல் பாதத்தையோ மூட்டையோதான் முதலில் சந்தேகிக்கச் சொல்கிறது. ஆனால் ஒரே ஒரு எக்ஸ்ரே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும், உலோகம் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதற்கு வீட்டு மருந்து எதுவும் இல்லை. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் ஊசி மருந்துகளை மருத்துவர்தான் போட முடியும், நாள் தள்ளத் தள்ள உடம்பில் சேரும் நஞ்சு கூடும்.

ஆகையால் இரண்டு கால்களும் தளர்ந்திருந்தால் இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். பறவைகளுக்கான நிபுணர்தான் வேண்டும் என்றில்லை. நாய், பூனை பார்க்கும் மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி இருந்தால் அங்கேயே படம் எடுத்து, உங்கள் பறவை மருத்துவருக்கு அனுப்பச் சொல்லலாம். இதற்கிடையில் தோட்டத்தை ஒரு காந்தத்தோடு சலித்துவிடுங்கள். காந்தம் இரும்பை மட்டும்தான் பிடிக்கும், ஈயத்தையும் தனித் துத்தநாகத்தையும் பிடிக்காது, அதனால் கண்ணாலும் தேட வேண்டும். மற்ற இரண்டு வாத்துகளும் வேலி ஓரத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை நின்றதையும் ஒதுக்கிவிட முடியாது. உடம்பு சரியில்லாத பெட்டை முட்டையை நிறுத்துவது இயல்பு. ஆனால் முட்டை உள்ளே சிக்கிக்கொண்டாலும் அது நரம்பை அழுத்தி நொண்ட வைக்கும். வாலை மேலும் கீழும் அசைத்து முக்குகிறாளா, அடிவயிறு கெட்டியாக உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வயிற்றை அமுக்கி வெளியே தள்ள முயலாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பெரிய ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனை.

நியாசின் (வைட்டமின் பி3) குறைபாடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாத்துகளுக்குக் கோழிகளைவிட நியாசின் அதிகம் வேண்டும், தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் அளவு. கோழித் தீவனம் மட்டும் தின்று வளரும் குஞ்சுகளுக்குக் கால் வளைவதும் மூட்டு வீங்குவதும் அதனால்தான். இரண்டரை வயதில் திடீரென்று ஒரு கால் நொண்டுவதற்கு அது முதல் காரணமாக எனக்குப் படவில்லை. நியாசின் உள்ள ஈஸ்ட் தூளைக் கூழில் கொஞ்சம் தூவுவதால் கெடுதல் இல்லை, அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

குரல் கம்மியதற்குப் பலவீனமே காரணமாக இருக்கலாம். ஆண் வாத்தின் குரல் எப்போதுமே கரகரப்பாக, மெல்லியதாகத்தான் இருக்கும். பெட்டைதான் சத்தமாகக் கத்தும். எனவே பெட்டையின் குரல் மாறினால் நான் மூச்சுப்பாதையைப் பார்ப்பேன். ஈர வைக்கோலில் வளரும் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சை, குரல் எழும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு. கூட்டில் படுக்கை வைக்கோல் ஈரமாக இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உட்கார்ந்தே இருக்கும் வாத்துக்கு நோயைவிடப் படுக்கைதான் சில சமயம் எமனாகும். நெஞ்செலும்பின் மேல் தோல் புண்ணாகிவிடும். துண்டைச் சுருட்டி வளையமாக்கி, நெஞ்செலும்பு நடுப் பள்ளத்தில் இருக்கும்படி அவளை உட்காரவையுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். நனைந்த துணியை அப்போதே மாற்றுங்கள். ஆசனவாயைச் சுற்றி ஒட்டும் எச்சத்தை வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள். அழுக்கு இறகில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். இறகுகளை விலக்கிக் காலையும் மாலையும் பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன்னால், எடை பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு தட்டோ கூடையோ வைத்து நிறுத்தால் போதும். இறகு போர்த்திய உடம்பு இளைத்ததைக் கண் காட்டாது. 2 கிலோ வாத்து சில நாளில் 200 கிராம் இழந்தால் அது தீவிரம். எடையோடு, எத்தனை முறை குடித்தாள், எவ்வளவு தின்றாள், எச்சம் எப்படி என்பதையும் எழுதுங்கள்.

மற்ற இரண்டு வாத்துகளைப் பற்றி. ஒதுக்கி வைத்தது சரி, ஆனால் முழுத் தனிமை வேண்டாம். வாத்து கூட்டமாக வாழும் பறவை. துணையின் சத்தம் கேட்காவிட்டால் சாப்பிட மறுக்கும். வலைக்கு அந்தப் பக்கம், தண்ணீரும் கிண்ணமும் பொதுவாக இல்லாமல், ஒருத்தி கண்ணில் படும்படி இருக்கட்டும். நல்ல வாத்துகளை முதலில் கவனித்துவிட்டுப் பொம்மியிடம் போங்கள், பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நன்றாக இருக்கும் வாத்தின் எச்சத்தில்கூட சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னக் குழந்தைகள் முத்தம் கொடுக்க வேண்டாம். மற்ற இரண்டில் எதுவும் திடீரென்று செத்தாலோ, ஒன்றுக்கு மேல் படுத்தாலோ, வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலை வாத்துகள் அறிகுறியே இல்லாமல் சுமப்பதும் உண்டு. பொம்மிக்கு மருந்து தொடங்கிவிட்டால், மறுபடி முட்டையிட்டாலும் மருத்துவர் நாள் சொல்லும்வரை அந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கழுத்தைத் தூக்க முடியாமல் போவது, வலிப்பு, நிற்காத ரத்தம், ஒரு முழு நாள் எதுவும் உள்ளே போகாதது: இவற்றில் எதைப் பார்த்தாலும் குறித்த நேரத்துக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். முந்தாநாள் முதல் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலைக்குள் கூழில் வாய் வைக்கவில்லை என்றால் நீங்கள் ஏற்கெனவே அந்த எல்லையில் இருக்கிறீர்கள்.

பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதத்திலோ மூட்டிலோ பிரச்சினை என்றால், சாப்பிட வைத்துவிட்டால், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உலோகம் என்றால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எடை இறங்காமல் நிற்பதும், எச்சம் பழுப்பாகத் திரள்வதும் நல்ல செய்தி. எல்லாவற்றையும்விட, தலையைத் திருப்பி ஒரு இறகையாவது கோதிக்கொண்டாள் என்றால் அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது காற்றோட்டமுள்ள மூடிய பெட்டியில், துண்டு விரித்து, இருட்டாக எடுத்துப் போங்கள், வழியில் பதற்றம் குறையும். கிளம்புவதற்கு முன் போன எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். தீவனப் பையின் விவரச் சீட்டு, எடைக் குறிப்பு, தோட்டத்தில் கிடைத்த வேலித் துண்டு இவையும் வேண்டும். நாய்கள் குரைக்கும் வரிசையில் அவளை உட்கார வைக்க வேண்டாம். வருவதை முன்னாலேயே போன் செய்து சொல்லிவிட்டு, முறை வரும்வரை வண்டியிலேயே வைத்திருக்கலாமா என்று கேளுங்கள்.